நடுக்குட்டைக்குப் பதினோரு யோசனைகள்

நடுக்குட்டைப்பாளையத்தில் தை மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை காலையில் தண்ணீர் குறைவதை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு வடக்கு வீதியின் முறை. பதினோரு நாளைக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் வருகிற தண்ணீர் அது. திறந்துவிடுகிறவர் தெய்வசிகாமணி, ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர், நாற்பத்து நான்கு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குக் காரணமும் தண்ணீர்தான், ஏனென்றால் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவே அக்கம்பக்கத்தில் யோசிப்பார்கள், அதிலும் கட்டிக்கொண்டு வருகிற வீட்டின் வாசலில் நின்றுதான் ஊரே திட்டும் என்று தெரிந்தால் யார் கொடுப்பார்கள்.

அவர் குட்டைக்கரையில் மோட்டாரைப் போட்டார், வடக்கு வீதி வால்வைத் திறந்தார், ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தார், குட்டைத் தண்ணீர், அவர் புறப்படும்போது நின்ற அதே மூன்றாம் படியில் நின்றது. மோட்டார் இழுக்கவில்லை என்று நினைத்து வடக்கு வீதிக்கு ஓடினால், அங்கே குடமும் அண்டாவும் சிமெண்டுத் தொட்டியும் நிரம்பி வழிய, பெண்கள் குழாயை மூட மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தெற்கைத் திறந்தார், கிழக்கைத் திறந்தார், கடைசியில் ஒன்பது வீதிகளையும் ஒன்றாகத் திறந்தார். அப்படித் திறந்தால் கடைக்கோடி வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வரும் என்பது இருபது வருஷமாக அவருக்கும் எங்களுக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அன்றைக்கு முதல் வீட்டில் எந்தக் கனத்தில் வந்ததோ அதே கனத்தில் கடைசி வீட்டிலும் வந்தது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினார். மூன்றாம் படி. எட்டு நாள் நாங்கள் போய்ப் போய்ப் படியைப் பார்த்தோம், ஒன்பதாம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

எந்த அதிசயமும் எங்கள் ஊரில் ஒன்பது நாளைக்கு மேல் அதிசயமாக இருப்பதில்லை. பத்தாம் நாளிலிருந்து அது எங்களுக்குச் சேர வேண்டிய பாத்தியதை ஆகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓடிக்கொண்டிருந்த சாயப்பட்டறைகள் ஏழு நாளும் ஓடின, டேங்கர் லாரிக்காரர்கள் லாரியை விற்றுவிட்டு மினி பஸ் வாங்கினார்கள், வீட்டுக்கு இருபது என்று சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசினோம். ஆனால் பேச்சு நீளவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பழக்க தோஷத்தில் விழிப்பு வரும், எழுந்தால் பிடிக்கத் தண்ணீர் இல்லை, அதாவது பிடித்து வைக்க அவசியம் இல்லை, அடித்துக்கொள்ளக் குழாயடி இல்லை, கை என்ன செய்வது என்று தெரியாமல் கதவைத் திறந்து மூடும், கால் வீதியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கும், எதிரே அதே மாதிரி நடந்து வருகிறவரைப் பார்த்து "சும்மாதானுங்க" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும். சௌகரியம் வந்த பிறகு இப்படி நிம்மதி கெட்ட ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தத் தண்ணீருக்கு இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, குட்டை யாரையும் எதையும் உள்ளே விடவில்லை. கால் வைத்தால் கரையோடு நின்றுவிடும், எறிந்த கல் விளிம்பிலேயே விழுந்து கிடக்கும், எருமைகள் மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின, பம்பின் வாய் மட்டும்தான் அதற்குள் போய்வந்தது. "குட்டை ஏத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டோம், அதற்குமேல் விசாரிக்கவில்லை. இரண்டாவது, குழாயில் வந்த தண்ணீர் தாகத்தைத் தீர்த்தது, சோற்றை வேகவைத்தது, சாயத்தைத் துணியில் ஏற்றியது, ஆனால் மண் அதைக் குடிக்கவில்லை. வாசல் தெளித்தால் புழுதியின்மேல் உருண்டு ஓடி எங்கோ காணாமல் போகும், புழுதி புழுதியாகவே இருக்கும். பெண்கள் காய்ந்த வாசலில் கோலம் போட்டார்கள், காற்று அதை எட்டு மணிக்குள் எடுத்துக்கொண்டு போயிற்று. பட்டறையில் பயன்படுத்திய சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, பட்டறைக்காரர்களும் சொல்லவில்லை.

பட்டறைக்காரர்களில் பெரியவர் சென்னியப்பன். அவர்தான் மாசி மாதம் ஒரு நாள், தன் பட்டறைக்குத் தனி வால்வு கேட்பதற்காகத் தெய்வசிகாமணியின் வீட்டுக்குப் போய், மேஜைமேல் திறந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். திரையில் ஒரு நீலக் குட்டை. வடக்கே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், தெற்கே இடுப்பு ஒடுங்கும், கிழக்கில் பாறை. கரையில் ஒரே ஒரு பம்பு.

"ஏப்பா, இது நம்ம குட்டையல்ல?"

"ஆமாங்ணா. ஆனா நான் வரையலை. ஆட்டத்துல அதுவா வந்த எடமுங்க."

அது தொழிற்சாலை கட்டுகிற ஆட்டம். ஆளில்லாத ஒரு நிலத்தில் ஒற்றை ஆளாக இறங்கி, இரும்பைத் தோண்டி உருக்கி, இயந்திரம் செய்து, அந்த இயந்திரத்தால் வேறு இயந்திரம் செய்து, கன்வேயர் பட்டையில் பொருள்கள் ஓட ஓடக் கட்டிக்கொண்டே போக வேண்டும். முடிவு என்பது கிடையாது. தெய்வசிகாமணி ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம் ஆடியிருந்தார். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. அதில் கரையோரமாக ஒரு பம்பை வைத்துவிட்டால் போதும், நூறு கொதிகலனுக்கு இழுத்தாலும் ஏரி ஒரு சொட்டுக் குறையாது, எவ்வளவு தூரம் குழாய் போட்டாலும் கடைசி இயந்திரத்துக்கும் அதே வேகம், வால்வு வேண்டாம், முறை வேண்டாம், யாரும் யாரையும் திட்ட வேண்டாம். அவருக்கு அது தன்னையே கிண்டல் செய்வது மாதிரி இருந்தது. ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒருநாளாவது தண்ணீர் திறந்துவிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று பொருமினார். பொருமியதோடு நிற்காமல், தண்ணீரை எப்படியெல்லாம் விரிவாக்கலாம் என்று ஒரு நோட்டில் யோசனைகள் எழுதிக்கொண்டு வந்தார். ஏரி குறைய வேண்டும். தூரம் போகப் போக வேகம் தளர வேண்டும். கடைக்கோடிக்கு முறை வைக்க வால்வு வேண்டும். மண் தண்ணீரைக் குடிக்க வேண்டும். கழிவுத் தண்ணீர் எங்காவது போய்ச் சேர வேண்டும். சேறு பம்பை அடைக்க வேண்டும். போட்ட பொருளைத் தண்ணீர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்படிப் பதினொன்று.

சென்னியப்பன் நோட்டை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை படித்தார். "இதைய அனுப்பீட்டயா?"

"இன்னும் இல்லீங்ணா."

"அனுப்பாதே சாமி."

மறுநாள் ஊருக்கே தெரிந்தது. ஆட்டத்துத் தண்ணீர் எப்படியோ அப்படித்தான் நம் குட்டைத் தண்ணீரும் என்பதை, பஸ் நேரம் மாறியதைக் கேட்டுக்கொள்வது மாதிரி நாங்கள் கேட்டுக்கொண்டோம். எப்படி இது ஒட்டிக்கொண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப் போகிறது. எங்களுடைய கவலையெல்லாம் அந்த நோட்டு. போதாக்குறைக்கு ஆனி மாதத்தில் ஆட்டத்தைச் செய்தவர்களே ஓர் அறிவிப்புப் போட்டார்கள்: தண்ணீரை விரிவாக்கப் போகிறோம், நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆடியவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு யோசனை அனுப்பலாம், பிடித்தால் அன்றைக்கே சேர்ப்போம். ஊரில் நூறு மணி நேரம் ஆடியவர் தெய்வசிகாமணி ஒருவர்தான்.

ஊராட்சித் தலைவர் அம்சவேணி கிராம சபையைக் கூட்டினார். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு யோசனை இருந்தது. குட்டையில் மீன் விடச் சொல்லலாமா என்றார் ஒருவர். வெந்நீர்க் குழாய் தனியாக வருமா என்று கேட்டார் இன்னொருவர். லாரியை விற்றவர் வாரத்துக்கு ஒரு நாளாவது தண்ணீர் நிற்கட்டும் என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார். கடைசியில் அம்சவேணி மேஜையைத் தட்டி, தெய்வசிகாமணி எந்த யோசனையும் அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டார். "இருக்கறது நல்லாத்தானே இருக்குது, ஏனுங்க கிண்டோணும்?" என்று அவர் கேட்டதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. தெய்வசிகாமணி எழுந்து சரி என்று தலையாட்டினார்.

அவர் ஏன் சரி என்றார் என்பது எங்களுக்குத் தெரியும். தை மாதத்திலிருந்து அவரை யாரும் திட்டவில்லை. திறக்க முறை இல்லை, மூட நேரம் இல்லை, அவர் வீதியில் வந்தால் "வாங்க ஆபரேட்டரே, ஒரு வாய் காப்பி குடிங்க" என்றோம், இருபது வருஷம் அவர் அப்பா அம்மாவரைக்கும் இழுத்துப் பேசிய வாய்களால்தான் அப்படிச் சொன்னோம். வைகாசியில் இரண்டு இடத்திலிருந்து ஜாதகம் வந்தது. ஒரு மனுஷன் அதை விட்டுக்கொடுப்பது லேசில்லை.

ஆனால் அவருக்கு ஓர் அக்கா இருந்தார். துளசிமணி. குட்டைக்கரைக்குக் கீழே, ஊர் எல்லைக்கல்லை ஒட்டி, அரை ஏக்கர், ஒன்பது தென்னை, இரண்டு எருமை, அறுபது அடிக் கிணறு. தெய்வசிகாமணிக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பனும் ஆத்தாளும் போய்விட, அந்த அரை ஏக்கரை வைத்து அவரை வளர்த்துப் படிக்கவைத்தது துளசிமணிதான், இன்றைக்கும் இரண்டு வேளைச் சோறு அங்கேதான். அந்தக் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வந்தது என்றால் குட்டையிலிருந்து, மண்ணுக்குள் இறங்கி, கசிந்து கசிந்து. குட்டை குறையாமல் போனதும் கசிவதையும் நிறுத்திவிட்டது. மண் குடிக்காத தண்ணீர் எப்படிக் கசியும்? எங்கள் ஊரில் தொள்ளாயிரம் குழாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கிணறு மாதம் ஐந்தடி இறங்கியது. தெய்வசிகாமணி குழாயை நீட்டிக் கொடுத்தார், எருமைகள் குடித்தன, தென்னைக்குப் பாய்ச்சியது உருண்டு ஓடிவிட்டது. ஒன்பதில் மூன்று தென்னைக்குக் குருத்து சாய்ந்தது. துளசிமணி தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆடி வந்தது, மாரியம்மன் நோம்பி வந்தது. நோம்பிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாற்பத்திரண்டு பெண்கள் மண்சட்டியில் நவதானியம் விதைத்து முளைப்பாரி போட வேண்டும். விதைத்தார்கள், குழாய்த் தண்ணீரை ஊற்றினார்கள், சட்டி மண் நனையவில்லை. அப்போதுதான் எங்களுக்குத் துளசிமணியின் ஞாபகம் வந்தது. அவர் போக மற்ற நாற்பத்தொரு பேரும் ஆளுக்கொரு சொம்பு எடுத்துக்கொண்டு ஏழு மாதமாக எட்டிப் பார்க்காத அந்தத் தோட்டத்துக்குப் போனார்கள். துளசிமணி கிணற்றைக் காட்டி, "மொண்டுக்கங்க" என்று மட்டும் சொன்னார். ஒன்பது நாள், காலையும் மாலையும், ஆளுக்கொரு சொம்பு. முளைப்பாரி தளதளவென்று வளர்ந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் சென்னியப்பன் மனைவி கோகிலவாணி கடைசிச் சொம்பை மொண்டபோது பாதிக்குச் சேறு வந்தது. துளசிமணியும் அந்த நாற்பத்திரண்டில் ஒருவர், அவருடைய சட்டிக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

மறுநாள் முளைப்பாரி புறப்பட்டது. எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், தலைக்கு ஏறிய முளைப்பாரி மண்ணில் இறங்கக் கூடாது, தண்ணீரில்தான் இறங்க வேண்டும், அதுவும் ஊர் எல்லைக்குள் இருக்கிற தண்ணீரில். பம்பை மேளமும் உடுக்கையுமாகக் குட்டைக்கரைக்குப் போனார்கள், கும்மி கொட்டினார்கள், முதல் சட்டியைக் கோகிலவாணி குனிந்து தண்ணீரில் விட்டார். குட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டி விளிம்பில் முட்டி நின்றது, அவர் பதறி மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டார். இரண்டாவது சட்டி, மூன்றாவது சட்டி, நாற்பத்திரண்டும் அப்படித்தான். இந்தக் குட்டை எதையும் உள்ளே விடாது என்று ஏழு மாதமாகத் தெரிந்த ஊர், சாமி காரியத்துக்காவது விடும் என்று எப்படியோ நம்பிவிட்டது. இந்த மாதிரித் தப்பை நாங்கள்தான் செய்ய முடியும்.

ஆற்றுக்குக் கொண்டுபோகலாம் என்றால் எல்லை தாண்டக் கூடாது என்று பூசாரி மறித்தார். துளசிமணி கிணற்றில் விடலாமே என்று ஒருவர் வாயைத் திறந்தார், திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். ஆக, பெண்கள் நின்றார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், பொழுது இறங்கியும் நின்றார்கள்.

ஊர் என்பது எதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளும். முதல் நாள் தலைமாற்றிக்கொள்ள முறை போட்டோம், நாத்தனார் தலையிலிருந்து அண்ணி தலைக்கு, மாமியார் தலையிலிருந்து மருமகள் தலைக்கு. இரண்டாம் நாள் பட்டறையிலிருந்து நாற்பத்திரண்டு நாற்காலி வந்தது, பந்தல் போட்டோம், கரையிலேயே அடுப்பு மூட்டி உப்புமா கிண்டி ஊட்டிவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இது இனி இப்படித்தான் என்கிற மாதிரி, கரையில் ஒருவர் கடலை வண்டி நிறுத்தியிருந்தார். துளசிமணிக்கு மட்டும் தலை மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. மூன்று நாளும் அவர் ஒருவரே சுமந்தார், கழுத்து மரத்துப்போய், அவருடைய சட்டியில் முளை வெளுத்துப்போய். தெய்வசிகாமணி பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஓர் இடத்தில் நிற்கவில்லை, உட்காரவில்லை, அக்காவின் வாயில் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மறுபடி சுற்றினார்.

அம்சவேணி கரையிலேயே சபையைக் கூட்டினார். தீர்மானத்தைத் தளர்த்தி ஒரே ஒரு யோசனையை அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். சென்னியப்பன் நோட்டை வாங்கிப் புரட்டி, "ஏழாவது. போட்ட பொருளத் தண்ணி ஏத்துக்கோணும். இது மட்டும் போதும், சட்டி உள்ள போயிரும், குட்டை அப்பிடியே இருக்கும்" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தெய்வசிகாமணி, "நாலாவதை அனுப்பறனுங்க" என்றார்.

"நாலாவது என்ன?"

"மண்ணு தண்ணியக் குடிக்கோணும். சட்டி நனைஞ்சு கனம் ஏறி அதுவா உள்ள போயிருமுங்க."

"ரெண்டுலயும் சட்டி போகுது. செரி, நாலாவதுல குட்டைக்கு ஏதாச்சும் ஆவுமா?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் பம்பு சங்கதி தெரியாது, அவர் இல்லை என்றால் சரி என்று போயிருப்போம், பிறகு குட்டை இறங்கியிருந்தாலும் ஆட்டக்காரர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவர் காப்பியைக் குடித்துக்கொண்டு, வந்த ஜாதகத்தில் ஒன்றைப் பொருத்திக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு, "குறையுமுங்ணா. மண்ணு குடிச்சாத் தண்ணி குறையாம இருக்காது" என்றார்.

பந்தலே எழுந்து நின்றது. "அப்பறம் எதுக்குடா அது?" என்று கத்தினார் சென்னியப்பன்.

"என்ற அக்கா கெணத்துக்குங்க."

"ஒரு கெணத்துக்கு ஊரே காயோணுமா? ஒம்பது தென்னைக்கு ஒம்பது வீதியா?"

துளசிமணி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏழாவதையே போடு சாமி. எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம். இதைய எறக்கி வெச்சாப் போதும்." சொல்லும்போது அவர் தலைச்சட்டி லேசாகச் சரிந்தது, தெய்வசிகாமணி பாய்ந்து போய்ப் பிடித்துக்கொண்டார், பிடித்தபடியே சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்காகத் தண்ணீரை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோகிலவாணிதான் பேசினார். தலையில் சட்டியோடு, புருஷனைப் பார்க்காமல், நேராகக் குட்டையைப் பார்த்துப் பேசினார். "கடைசிச் சொம்பு நாந்தான் மொண்டேன். சேறுன்னு தெரிஞ்சுதான் மொண்டேன். அந்தக்கா சட்டிக்கு இல்லீன்னும் தெரியும். என்ற சட்டியப் பாருங்க, எப்பிடி நிக்குதுன்னு. இதையத் தூக்கி வெச்சுக்கிட்டு ஏழாவதுன்னு என்னால சொல்ல முடியலீங்க. நாலாவதையே போடச் சொல்லுங்க, இல்லீன்னா நான் சாகற வரைக்கும் இப்பிடியே உக்கோந்துக்கறேன்." அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் "ஆமா" என்றார். அதற்கு அடுத்தவரும் "ஆமா" என்றார். அந்த "ஆமா" நாற்பத்திரண்டு நாற்காலியையும் சுற்றி வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அம்சவேணி புதுத் தீர்மானம் எதுவும் போடவில்லை, கையை மட்டும் அசைத்தார்.

தெய்வசிகாமணி கம்ப்யூட்டரைக் கரைக்கே தூக்கிவந்து, மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து, நாலாவது யோசனையை அனுப்பினார். மத்தியானம் பதில் வந்தது: நல்ல யோசனை, சேர்த்துவிட்டோம். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக மெல்ல நிரம்பியது, நாங்கள் அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். கோடு நிரம்பியதும் கரை மண் கறுத்தது. கோகிலவாணி குனிந்து சட்டியை விட்டார். தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கரை விளிம்பில் குனிந்து சட்டிகளை விட்டார்கள், தலையிலிருந்து பாரம் போனதும் சிலர் நடக்கத் தெரியாமல் தடுமாறினார்கள், துளசிமணியை இரண்டு பேர் தாங்கிப் பந்தலுக்குக் கூட்டிவந்தார்கள். சாயங்காலம் மூன்றாம் படியில் விரலளவுக்கு ஈரக்கோடு தெரிந்தது.

அதற்குப் பிறகு குட்டை நாளுக்கு இரண்டு விரல் இறங்கியது. நாங்கள் எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் கோபம் வந்தது. காப்பி நின்றது. ஜாதகம் கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். குட்டை இறங்கி வீதிகளில் குழாய் மெலிந்த அன்றைக்கு, ஏழு மாதமாகச் சும்மா இருந்த வாய்கள் மறுபடி திறந்தன. தெய்வசிகாமணி அக்காவின் கிணற்றில் ஏணி போட்டு இறங்கித் தூர் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. துளசிமணியும் பின்னாலேயே இறங்கி, கணுக்காலளவு தண்ணீரில் நின்று, குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். மேலே கோகிலவாணியும் நாங்கள் பத்திருபது பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

கீழே இருந்தபடி துளசிமணி அண்ணாந்து பார்த்தார். கிணற்று வாய் அளவுக்கு வானம் தெரிந்திருக்கும்.

"ஏன்டா சாமி, உன்ற ஆட்டத்துல மழையே பேயாதா?"

தெய்வசிகாமணி கூடையைக் கீழே வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரத்தில் அந்த நிலத்தில் ஒரு தூறல்கூட விழுந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. பதினோரு யோசனை எழுதியிருந்தார், வால்வு எழுதியிருந்தார், சேறு எழுதியிருந்தார், கழிவு எழுதியிருந்தார், மழையை எழுதவில்லை, குழாயில் வருவதையே தண்ணீர் என்று நினைத்துப் பழகிய மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. மேலே நின்ற நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். தையில் அதிசயம் நடந்தது, இப்போது ஆடி முடியப் போகிறது. சித்திரைக் கோடை மழை வரவில்லை. ஆனிச் சாரல் வரவில்லை. மேகமே வரவில்லை. ஏழு மாதமாக எங்கள் ஊரில் மழை பெய்யவில்லை என்பதை எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கவனித்திருக்கவில்லை.

கோகிலவாணி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு அனுப்புங்க" என்றார்.

"ஆளுக்கு ஒண்ணுதானுங்க. என்ற பங்கு முடிஞ்சுது."

அப்புறம் நடந்ததை ஊர்ப்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பயத்தில் செய்தது. அன்றைக்குச் சாயங்காலமே சென்னியப்பன் தெய்வசிகாமணியின் வீட்டுக்கு வந்து, எட்டு நாளாகப் பேசாத மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "எப்பிடி ஆடறதுன்னு சொல்லிக் குடு தம்பி." இப்போது பட்டறை ஆபீசில் இரண்டு, ஊராட்சியில் ஒன்று, பிரவுசிங் சென்டரில் நாலு, எங்கள் ஊரில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரிலும் யாராவது ஒருவர் ஆளில்லாத நிலத்தில் இறங்கி இரும்பு தோண்டிக்கொண்டிருக்கிறார். நூறு மணி நேரம் ஆட வேண்டும். அம்சவேணி முப்பத்தொன்று முடித்திருக்கிறார். கோகிலவாணி நாற்பது. எல்லோருக்கும் முந்தியவர் சென்னியப்பன், சோற்றைக்கூடத் தெய்வசிகாமணியின் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறார், கண் சிவந்து, கழுத்து மரத்து, எண்பத்திரண்டு. குட்டையில் மூன்றாம் படி போயிற்று, ஆறாம் படியும் போயிற்று, சகதி தெரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது போய்ப் படியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள், சொல்ல வேண்டாம் என்றாலும் சொல்கிறார்கள்.

நேற்று சென்னியப்பன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "தம்பி, நூறு ஆனதும் மழை வேணும்னு மட்டும் எழுதுனாப் போதுமா?"

தம்பிக்குச் சோறு கொண்டுவந்திருந்த துளசிமணிதான் வாசல்படியிலிருந்து சொன்னார்.

"பேயோணும், நிக்கவும் நிக்கோணும்னு எழுதுங்க. இல்லீன்னா நிக்காமப் பேயற மழையக் குடுத்துருவாங்க."

சென்னியப்பன் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது.